வேலைக்கு முன் வரும் பாடம்: பினாங்குப் பிள்ளைகளும் கணினிக் கல்வியும்



பினாங்கு லிட்டில் இந்தியாவில் நின்றுகொண்டு கல்வியைப் பற்றிப் பேசுகிறவனுக்கு முதலில் நினைவுக்கு வர வேண்டியது லெபு பினாங் தெருவில் இருந்த நகரத்தார் கிட்டங்கிகள் என்பது என் எண்ணம். அவற்றை வட்டிக்கடைகளாக மட்டுமே நாம் பேசிப் பழகிவிட்டோம். அவை ஆள் பழக்கும் இடங்களாகவும் இருந்தன. செட்டிநாட்டிலிருந்து கப்பலேறி வந்த பையன் பெட்டியடிப் பையனாகச் சேருவான். கணக்கெழுதுகிறவரின் அருகே உட்கார்ந்து பார்ப்பான், கடிதத்தைப் படியெடுப்பான், வசூலுக்குப் போகிறவரோடு கூடப் போவான். தேறினால் அடுத்தாள், இன்னும் தேறினால் கடையையே பொறுப்பேற்று நடத்துகிற மேலாள். மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊருக்குப் போய்த் திரும்புவது வழக்கம்.

இதில் என் கவனம் அவன் கப்பலேறும் முன்பே முடிந்துவிட்ட ஒரு பாடத்தின் மேல். ஊரில் திண்ணைப் பள்ளியில் அவன் எண்சுவடியை மனப்பாடம் செய்திருப்பான். மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்று இருபதில் ஒன்று. இந்தப் பின்னங்களைக் கூட்டவும் பெருக்கவும் தாள் தேவையில்லாதபடி பழகியிருப்பான். பேரேடு எழுதும் முறை கடைக்குக் கடை கொஞ்சம் மாறும். நாணயம் ஊருக்கு ஊர் மாறும். ரங்கூனில் ரூபாய், இங்கே வெள்ளி. எண்சுவடி எங்கும் மாறாது. ஆகவே அவனை எந்தக் கடைக்கு அனுப்பினாலும் சில மாதங்களில் அந்தக் கடையின் வழக்கத்தைப் பிடித்துக்கொள்வான்.

அடிப்படை முதலில், கடை வழக்கம் பிறகு. நம் பிள்ளைகளுக்குக் கணினி கற்பிப்பதில் இந்த வரிசையை நாம் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

எந்த மென்பொருள் படித்தால் வேலை கிடைக்கும், எந்தச் சான்றிதழுக்குச் சம்பளம் அதிகம், எத்தனை மாதத்தில் முடியும் என்றுதான் பெற்றோர்கள் கேட்கிறார்கள். தவறான கேள்விகள் என்று சொல்லமாட்டேன். பிள்ளை வேலைக்குப் போனால்தான் வீட்டுத் தவணை கட்ட முடியும் என்ற குடும்பத்துக்கு வேறு எந்தக் கேள்வி முதலில் வரும்? ஆனால் அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டுமானால், பினாங்கின் கடந்த ஐம்பது ஆண்டுகளைப் பார்க்க வேண்டும். தொழில்நுட்ப வேலை எப்படி மாறும் என்பதை இந்தத் தீவைவிடத் தெளிவாகக் காட்டும் பாடப்புத்தகம் கிடையாது.

1969இல் பினாங்கு தன் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. வேலையின்மை கடுமையாக இருந்தது. அதே ஆண்டில் முதலமைச்சரான துன் லிம் சோங் இயூ பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை உருவாக்கினார். 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் திறக்கப்பட்டது. இன்டெல், ஏஎம்டி, ஹியூலெட் பேக்கார்ட், நேஷனல் செமிகண்டக்டர், பாஷ், ஹிட்டாச்சி, கிளாரியன், லிட்ரோனிக்ஸ் என்று முதலில் வந்த எட்டு நிறுவனங்களை எட்டு சாமுராய்கள் என்று இன்றும் சொல்கிறோம். நம் வீட்டு அக்காமார்களும் சின்னம்மாக்களும் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிப் போனது அப்போதுதான்.

அவர்கள் செய்த வேலையை ஒரு நிமிடம் அருகில் நின்று பாருங்கள். நகக்கண்ணைவிடச் சிறிய சில்லு. அதன் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு மேடைகள். அந்த மேடை ஒவ்வொன்றிலிருந்தும் வெளிச்சட்டத்தின் கால்களுக்கு, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை இழுத்து ஒட்ட வேண்டும். ஷிப்டு முழுக்க நுண்ணோக்கியில் கண் வைத்து, கை நடுங்காமல் அதைச் செய்தார்கள். அது பெரிய திறமை. அந்தத் திறமையால் குடும்பங்கள் தலைநிமிர்ந்தன, தம்பி தங்கைகள் படித்தார்கள்.

பிறகு தானியங்கி இயந்திரம் வந்தது. ஒரு நொடிக்குள் பல கம்பிகளை அதுவே இழுத்து ஒட்டியது. ஒரே பெண் பல இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கையின் வேலை போய், திரையில் வரும் எண்ணைப் படித்து எது பிசகியது என்று கண்டுபிடிக்கும் வேலை வந்தது. கணக்கும் கொஞ்சம் ஆங்கிலமும் தெரிந்தவர்கள் இயந்திரத்தோடு மேலே போனார்கள். கைத்திறமை மட்டுமே தெரிந்தவர்கள் பலருக்கு அந்த வழி அடைபட்டது. ஆலைகளும் இந்த இடைவெளியை உணர்ந்தன. 1989இல் நிறுவனங்களும் அரசும் கல்வியாளர்களும் சேர்ந்து பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கியது அதனால்தான். போட்டி நிறுவனங்கள் ஒரே கூரையின் கீழ் தங்கள் ஆட்களைப் பயிற்றுவிக்க ஒப்புக்கொண்டது நாட்டுக்கே முன்மாதிரியான காரியம்.

சில்லுகளைச் சோதிக்கும் பிரிவுக்குப் போனால் வேலை இன்னொரு படி மாறியிருக்கும். சோதனைக் கருவி ஒவ்வொரு சில்லுக்கும் மின்குறிகளை அனுப்பி, திரும்பி வருவதை எதிர்பார்த்த விடையோடு ஒப்பிட்டு, தேறியவற்றைத் தரம் பிரித்துத் தனித்தனிப் பெட்டிகளில் போடும். என்ன அனுப்புவது, எதை எதிர்பார்ப்பது, எந்த எல்லைக்குள் இருந்தால் தேறியது என்று அந்தக் கருவிக்குச் சொல்வது நிரல். ஆகவே ஆலைக்குள்ளேயே நிரலாளர்கள் தேவைப்பட்டார்கள். அதன் பிறகு சில்லு வடிவமைப்பும் இங்கேயே வந்தது. அடுத்தடுத்த இரண்டு தலைமுறைக்குள் ஒரே குடும்பத்தில் தாய் கம்பி ஒட்டினார், மகள் வடிவமைப்பைச் சரிபார்க்கும் பொறியாளர் ஆனார். இப்படிப்பட்ட குடும்பங்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள்.

உலகில் சில்லுகளைக் கோத்து, சோதித்து, உறையிடும் வேலையில் மலேசியாவின் பங்கு ஏறத்தாழ 13 விழுக்காடு என்று மதிப்பிடுகிறார்கள். 2024 மே மாதத்தில் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் தேசியக் குறைக்கடத்தி வியூகத்தை அறிவித்தபோது 60,000 பொறியாளர்களைப் பயிற்றுவிப்பது இலக்கு என்றார். 2025 மார்ச்சில் ஆர்ம் நிறுவனத்தோடு பத்தாண்டுகளில் 25 கோடி அமெரிக்க டாலர் மதிப்பிலான ஒப்பந்தம் கையெழுத்தானது. அதிலும் 10,000 பொறியாளர்களைப் பயிற்றுவிக்கும் திட்டம் உண்டு. பாயான் லெப்பாஸ் நம் வாசலில் இருக்கிறது. அந்த எண்ணிக்கையில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்? பதில் பல்கலைக்கழகத்தில் முடிவாவதில்லை. பத்து வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடையில் முடிவாகிறது.

ஏனென்று சொல்கிறேன். பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அங்கே கணிதமும் அறிவியலும் தமிழில் படிக்கும் பிள்ளை ஆறாம் ஆண்டு முடித்ததும் இடைநிலைப்பள்ளிக்குப் போகிறது. சில பிள்ளைகள் புகுமுக வகுப்பு வழியாகப் போகிறார்கள். 2017இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் ‘அசாஸ் சைன்ஸ் கொம்புத்தெர்’ என்ற அடிப்படைக் கணினி அறிவியல், அதை நடத்தும் பள்ளிகளில் முதலாம் படிவத்திலேயே தொடங்குகிறது, அது மலாய்மொழியில். நான்காம் படிவத்தில் கணினி அறிவியல் விருப்பப் பாடம். கல்லூரிக்குப் போனால் பெரும்பாலும் ஆங்கிலம். பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதுக்குள் பிள்ளை மூன்று மொழிகளைத் தாண்டுகிறது.

இதைச் சுமை என்றே எல்லாரும் பேசுகிறார்கள். என் அனுபவம் வேறு. தர்க்கம் ஒரு மொழியில் உறுதியாக ஊன்றிவிட்டால் மற்ற மொழிகளில் அதற்குப் பெயர் மட்டும்தான் கற்க வேண்டும். ஊன்றாத பிள்ளைதான் ஒவ்வொரு மொழியிலும் முதலிலிருந்து தடுமாறுகிறது. பைத்தான் நிரல்மொழியில் ஒதுக்கப்பட்ட சொற்கள் 35 மட்டுமே. நான்காம் ஆண்டுப் பிள்ளைக்கு முப்பத்தைந்து ஆங்கிலச் சொல் பெரிய மலையா? பைத்தானில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். ‘மதிப்பெண்’ என்று பெயர் வைத்து அதில் 75ஐப் போட்டால் கணினி மறுபேச்சில்லாமல் ஏற்கும். முத்தையா அண்ணாமலை என்ற தமிழ்ப் பொறியாளர் கட்டளைச் சொற்களையும் தமிழிலேயே வைத்து ‘எழில்’ என்று ஒரு நிரல்மொழியையே உருவாக்கியிருக்கிறார். கடினமான பகுதி சொற்களில் இல்லை. ஒரு வேலையைப் படிப்படியாகப் பிரிப்பது, ‘இது இப்படியானால் என்ன செய்வது’ என்று முன்கூட்டி நினைப்பது, விடை தவறினால் எந்தப் படியில் தவறியது என்று தேடுவது: இவையே கடினம். இவற்றைத் தாய்மொழியில் கற்பிக்கத் தடையேதும் இல்லை.

ஒரு வகுப்பைக் காட்டுகிறேன். இரண்டாம் படிவப் பிள்ளைகளுக்கு நான் நடத்திய சனிக்கிழமை வகுப்பு. ‘அம்மா’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று கேட்டேன். மூன்று என்றார்கள். பைத்தானிடம் கேளுங்கள் என்றேன். நீளத்தை எண்ணும் ‘லென்’ கட்டளையைக் கொடுத்தார்கள். திரையில் 5 வந்தது.

வகுப்பே கூச்சலிட்டது. கணினி கெட்டுவிட்டது என்றான் ஒருவன். பக்கத்துக் கணினியிலும் ஐந்துதான். ஒரு பெண் மட்டும் பேசாமல் ஒவ்வொரு எழுத்தாகத் தனித்தனியே கொடுத்துப் பார்த்தாள். ‘அ’ ஒன்று. ‘ம்’ இரண்டு. ‘மா’ இரண்டு. ‘ம’ மட்டும் கொடுத்தாள், ஒன்று. பிறகு எழுந்து, “சார், புள்ளிய தனியா எண்ணுது, கால தனியா எண்ணுது” என்றாள். யூனிகோடு என்ற பெயரைச் சொல்லும் முன்பே அதன் உள்ளமைப்பை அவள் கண்டுபிடித்துவிட்டாள். யூனிகோடில் அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று ஐந்து குறியீடுகள். கணினியின் எண்ணிக்கை சரி. நாம் கேட்டதும் கணினி எண்ணியதும் வேறு வேறு.

அடுத்த வாரம் அகரவரிசை. மலர், மறதி, மனம் ஆகிய மூன்று சொற்களை வரிசைப்படுத்தச் சொன்னேன். அகராதியில் இதே வரிசைதான் வரும். ய ர ல வ ழ ள ற ன என்பது நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். கணினி மனம், மறதி, மலர் என்று சரியாகத் தலைகீழாகத் தந்தது. காரணத்தைத் தேடினோம். யூனிகோடின் தமிழ்ப் பட்டியல் இந்திய எழுத்துகள் அனைத்துக்கும் பொதுவாக வகுத்த பழைய இஸ்கி முறையின் இருக்கை வரிசையைப் பின்பற்றியது. அதில் னகரத்துக்கு நகரத்தின் பக்கத்தில் இடம், றகரத்துக்கு ரகரத்தின் பக்கத்தில் இடம். பிள்ளைகள் தமிழ் நெடுங்கணக்கைத் தாங்களே ஒரு பட்டியலாக எழுதி, அந்தப் பட்டியல்படி வரிசைப்படுத்தும் நிரலை எழுதினார்கள். முதலில் ஓடவில்லை. மெய்யெழுத்தையும் உயிர்மெய்யையும் சேர்த்துக் குழப்பியிருந்தார்கள். பிரித்தார்கள், சோதித்தார்கள், மறுபடி தவறியது, மறுபடி பிரித்தார்கள். தங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டை அந்த நிரலில் போட்டு, பெயர்கள் சரியான வரிசையில் விழுந்தபோது அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த இரண்டு வகுப்புகளில் குறியேற்றம், தரவமைப்பு, வரிசைமுறை, சோதனை, பிழைதிருத்தம் ஐந்தும் வந்துவிட்டன. எந்த நிறுவனத்தின் சான்றிதழும் அதில் இல்லை. ஆனால் சில்லுச் சோதனைப் பிரிவில் வேலைக்குச் சேரும் இளைஞர் முதல் நாளிலிருந்து செய்யப்போவது இதைத்தான்: எதிர்பார்த்ததும் கிடைத்ததும் ஏன் வேறாக இருக்கின்றன என்று பொறுமையாகத் தேடுவது.

இப்படித் தேடியவர்கள் நம் பக்கத்திலேயே இருந்தார்கள். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழாசிரியர், சிறுகதை எழுத்தாளர். கணினியில் தமிழ் வராத காலத்தில் ‘கணியன்’ என்ற முறையை உருவாக்கி, 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றினார். 1997இல் தமிழ் இணையத்துக்கென்றே மாநாடு கூட்டினார். 1999இல் மறைந்தார். நம் நாட்டில் முத்து நெடுமாறன் 1985இலேயே ‘முரசு’ மென்பொருளைத் தொடங்கினார். கைப்பேசியில் தமிழ் எழுத ‘செல்லினம்’ அவர் தந்தது. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. இன்று லெபு பசாரில் பூக்கடைக்காரர் வாட்ஸ்அப்பில் தமிழில் விலை அனுப்புகிறார் என்றால் அதன் பின்னால் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களின் உழைப்பு இருக்கிறது. நம் பள்ளி மாணவர்களில் எத்தனை பேருக்கு இந்த இரண்டு பெயர்களும் தெரியும்? இதை நான் வருத்தத்தோடு கேட்கிறேன். சிலிக்கான் பள்ளத்தாக்கின் பெயர்களை ஒப்பிக்கும் பிள்ளைக்கு, தன் கைப்பேசியில் தமிழ் எழுதும் செல்லினத்தைச் செய்தவர் தன் நாட்டுக்காரர் என்பது தெரிய வேண்டும்.

கற்பித்தலில் இன்னொரு பெயர்: ஈரோட்டில் 1933இல் பிறந்த பேராசிரியர் வி. ராஜாராமன். 1963இல் ஐஐடி கான்பூருக்கு ஐபிஎம் 1620 கணினி வந்தபோது, அதை வைத்து இந்தியாவெங்கிலுமிருந்து வந்த விஞ்ஞானிகளுக்கும் பொறியாளர்களுக்கும் குறுகிய கால வகுப்புகள் எடுத்தவர்களில் அவரும் ஒருவர். கணினியைக் கண்ணாடி அறைக்குள் பூட்டி வைக்காமல் மாணவர் கையில் கொடுத்தது அந்த நிறுவனம். மாணவர் வாங்கக்கூடிய விலையில் அவருடைய பாடநூல்கள் வந்தன. இரண்டு மூன்று தலைமுறை அவற்றைப் படித்துத்தான் நிரல் எழுதப் பழகியது. தொழிலுக்கு ஆள் தேவை என்ற நெருக்கடி வந்தபோது, பொறியியல் படிக்காத பட்டதாரிகளும் சேரக்கூடிய எம்சிஏ படிப்பை வகுத்ததில் அவருக்கு முதன்மைப் பங்கு உண்டு. அவசரத் தேவைக்காக வந்த படிப்புத்தான் அது. ஆனாலும் அதன் பாடங்களில் தரவமைப்பும் கணிதமும் நடுவில் இருந்தன. அந்த நாளின் மொழிகளான ஃபோர்ட்ரானும் கோபாலும் ஒதுங்கிய பிறகும் அவருடைய மாணவர்கள் ஒதுங்கவில்லை.

இப்போது செயற்கை நுண்ணறிவுக்கு வருவோம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்ததிலிருந்து பெற்றோர் என்னிடம் கேட்பது ஒன்றே: நிரலைக் கணினியே எழுதும்போது பிள்ளை எதற்குப் படிக்க வேண்டும்? நியாயமான அச்சம். தொடக்க நிலை நிரல் வேலைகளைத் தேடும் இளைஞர்களுக்கு நெருக்கடி வந்திருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. வழக்கமான நிரலை வழக்கமாக எழுதுகிறவருக்கு, தங்கக் கம்பி ஒட்டியவர்களுக்கு வந்த நிலைதான் வருகிறது. அன்று மேலே போனவர்கள் இயந்திரம் எங்கே பிசகுகிறது என்று சொல்லத் தெரிந்தவர்கள். இன்றும் அப்படியே. செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்த நிரல் பெயர்ப் பட்டியலைத் தவறான அகரவரிசையில் அடுக்கினால், அதைப் பார்த்த மாத்திரத்தில் பிடிக்க நெடுங்கணக்கும் தெரிய வேண்டும், குறியேற்றமும் தெரிய வேண்டும். ஆகவே என் வகுப்பில் அந்தக் கருவியைத் தடை செய்வதில்லை. அது தந்த நிரலில் குறைந்தது ஒரு பிழையாவது கண்டு, அதைக் காட்டும் சோதனையோடு வர வேண்டும் என்பது வீட்டுப்பாடம். பிழையே இல்லை என்று சொல்ல வந்தால், என்னென்ன சோதித்தாய் என்று பட்டியல் கேட்பேன்.

எஸ்பிஎம் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்காத பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் கூட்டங்களில் அவர்களைப் பற்றிப் பேசுவதே இல்லை. பாராட்டு விழாவில் அவர்களுக்கு நாற்காலி கிடையாது. ஆனால் மலேசியத் திறன் சான்றிதழ் மூன்றாம் நிலை முடித்து, நான்காம் நிலையான டிப்ளோமாவுக்கும் ஐந்தாம் நிலையான உயர் டிப்ளோமாவுக்கும் போகும் பாதை திறந்திருக்கிறது. தொழிற்சாலையில் இயந்திரக் கட்டுப்பாடும் வலைப்பின்னலும் பார்க்கும் தொழில்நுட்பர்கள் இந்தப் பாதையிலும் வருகிறார்கள். பதினேழு வயதில் வந்த ஒரு தேர்வு முடிவைப் பார்த்து, பிள்ளையைப் பாதுகாவலர் வேலைக்கோ பொருள் பட்டுவாடாவுக்கோ அனுப்பிவிட்டுக் கைகழுவும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்த வேலைகள் எதுவும் தாழ்ந்தவை அல்ல. வேறு வழி இருப்பதை யாரும் சொல்லாததால் அங்கே போக நேர்வதுதான் கொடுமை.

இந்த அவையில் இருக்கும் அறக்கட்டளைப் பொறுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். கணினிக் கல்விக்கு நன்கொடை என்றதும் கணினி வாங்கித் தருவதையே நினைக்கிறோம். ரிப்பன் வெட்டலாம், படம் எடுக்கலாம். கற்றுக்கொடுக்க ஆள் இல்லாத கணினிக்கூடத்தில் இரண்டாம் ஆண்டில் மின்கலம் போகும், மூன்றாம் ஆண்டில் பூட்டுத் தொங்கும். பணத்தின் பெரும்பகுதி ஆசிரியர்களுக்குப் போகட்டும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவருக்குப் பள்ளி விடுமுறையில் நிரலாக்கப் பயிற்சி, அதற்கு உதவித்தொகை, கற்பிக்கும்போது சிக்கல் வந்தால் கேட்க பாயான் லெப்பாஸில் வேலை செய்யும் ஒரு தமிழ்ப் பொறியாளர். இந்த மூன்றும் ஒரு பள்ளிக்குக் கிடைத்தால் பழைய கணினிகளில் லினக்ஸ் போட்டுக்கூட வகுப்பு நடத்தலாம்; பைத்தானுக்குக் கட்டணம் கிடையாது.

செபராங் பிறையில் உள்ள தோட்டப்புறப் பள்ளிகளிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் வேண்டுகோளின் இரண்டாம் பாதி. தீவில் உள்ள பிள்ளைக்கு நூலகமும் கண்காட்சியும் பேருந்து தூரத்தில் இருக்கின்றன. பாலத்துக்கு அப்பால், கடைசிப் பேருந்து மாலையிலேயே போய்விடும் இடத்தில் இருக்கும் பிள்ளைக்கு வகுப்புத்தான் போக வேண்டும். ஆண்டில் ஒரு நாள் அந்தப் பிள்ளைகளைச் சோதனைக் கூடத்துக்கு அழைத்துப் போய், தங்களைப் போன்ற வீட்டிலிருந்து வந்த ஒருவர் அங்கே திரையைப் பார்த்து முடிவெடுப்பதைக் காட்ட வேண்டும். இங்கே இருக்கும் பொறியாளர்களே, உங்கள் நிறுவனத்தில் அதற்கு அனுமதி வாங்கித் தருவது உங்கள் பொறுப்பு. மாதம் ஒரு சனிக்கிழமை காலை போதும். எந்தப் பள்ளிக்குப் போவீர்கள் என்பதை இன்றே பொறுப்பாளர்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள். டிசம்பர் விடுமுறையில் ஆசிரியர் பயிற்சியை வைத்தால், புதிய பள்ளி ஆண்டின் முதல் வாரத்தில் வகுப்பைத் தொடங்கிவிடலாம்.